நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து வார்த்தை

அந்தப் பள்ளிக்கூடத்தில் புத்தகங்களைக் கண்டு பயப்படும் வழக்கம் ஆதியில் இல்லை. பயப்படும் அளவுக்கு யாரும் அவற்றைத் திறந்து பார்த்ததில்லை என்பதுதான் காரணம். நூலகம் என்று ஓர் அறை இருந்தது. அதற்கு நல்ல பூட்டு இருந்தது. சாவி தலைமையாசிரியர் வீட்டில் பத்திரமாக இருந்தது. இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் இலக்கிய டீச்சர் வந்து சேர்ந்தாள்.

பாடத்திட்டத்தில் 'ஒரு சமகால நாவல்' என்று ஒரு வரி உண்டு. இத்தனை வருஷமாக எல்லோரும் அந்த வரியை மரியாதையாகத் தாண்டிப் போயிருந்தார்கள். இவள் அதை நிஜம் என்று நம்பிவிட்டாள். இழுத்து மூடப்பட்ட ஒரு பதிப்பகத்தின் கிடங்கிலிருந்து, இனி எங்கும் கிடைக்காத ஒரு நாவலின் மிச்சப் பிரதிகளை வாங்கிவந்து, பதினோராம் வகுப்புக்குக் கொடுத்து, வாரம் ஓர் அத்தியாயமாக வாசிக்க வைத்தாள். வேலை நிரந்தரமாக ஒரே ஒரு கையெழுத்து பாக்கியிருக்கும் நேரத்தில் புத்திசாலிகள் யாரும் இப்படிச் செய்வதில்லை.

நாவல் ஒரு சிமெண்ட் ஆலைத் தொழிலாளியைப் பற்றியது. ஆலைத் தூசி அவன் நெஞ்சுக்குள் இறங்கி, மூச்சு வாங்கி, படுக்கையில் விழுகிறான். ஆலை டாக்டர் ஒரு தாளோடு வீட்டுக்கு வருகிறார். 'என் நோய் வேலையால் வந்ததல்ல, புகைபிடித்ததால் வந்தது' என்று அதில் அடித்திருக்கிறது. அவன் வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதில்லை. கையெழுத்துப் போடாவிட்டால் ஆலைக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவன் டாக்டரை ஏறிட்டுப் பார்த்து ஒரு வார்த்தை சொல்கிறான்.

அந்த வார்த்தை என்னவென்று இங்கே எழுதப்போவதில்லை. அச்சில் பார்த்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். கூட்டமான பேருந்தில் யாராவது காலை மிதித்தால் சங்கடமே இல்லாமல் வாயில் வரும். அந்த ரகம்.

அந்த ஊரிலும் ஒரு சிமெண்ட் ஆலை இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்துக் கலையரங்கத்தைக் கட்டிக்கொடுத்ததே ஆலைதான். காலையில் துடைத்த மேஜையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். ஊர்க்காரர்கள் இருமிக்கொண்டே அதைக் கிளைமேட் என்று சொல்லிவந்தார்கள்.

பிரச்சினையைக் கண்டுபிடித்தவர் பெற்றோர் சங்கத் தலைவர். பிளைவுட் கடை வைத்திருப்பவர். மகள் போன் ஒளித்து வைத்திருக்கிறாளா என்று அவள் பையைச் சோதனை போட்டவர், போனுக்குப் பதிலாக நாவலைக் கண்டுபிடித்துத் திடுக்கிட்டார். மறுநாள் வகுப்பில் வாசிக்க வேண்டிய இடத்தில் மகள் அடையாளத்துக்கு ஒரு ரிப்பன் வைத்திருந்தாள். புத்தகம் அங்கேதான் திறந்துகொண்டது. வார்த்தையைப் பார்த்தார், மூடினார், சரியாகத்தான் பார்த்தோமா என்று மறுபடி திறந்தார், மறுபடி மூடினார். இப்படிச் சாயங்காலம் வரை உறுதி செய்துகொண்ட பிறகு, மற்ற பெற்றோரை எச்சரிக்க அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். 'யாரும் படிக்க வேண்டாம்' என்று கீழே எழுதினார். கண்ணியமானவர் ஆனதால் வார்த்தையை மட்டும் கட்டைவிரலால் மறைத்திருந்தார்.

அந்தக் கட்டைவிரல்தான் ஊரைக் கெடுத்தது. விரலுக்கு அடியில் என்ன இருக்கும் என்று ஊரே யோசித்தது. ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்ததிலேயே ஆக மோசமானதை அங்கே வைத்துப் பார்த்து, "ச்சீ, இதையா பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றாங்க?" என்று கொதித்தார்கள். அதுவரை வீட்டில் வாயே திறக்காமல் இருந்த கணவன்மார்களெல்லாம் சாப்பாட்டு மேஜையில் இலக்கியம் பேசினார்கள். அசல் வார்த்தையை யாராவது அவர்களுக்குக் காட்டியிருந்தால், இவ்வளவுதானா என்று ஏமாந்து போயிருப்பார்கள்.

மறுநாள் காலை தலைமையாசிரியர் டீச்சரைக் கூப்பிட்டார். கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி எப்போதும் ஒன்றையே திருப்பிச் சொல்கிற மனிதர், அன்று புதிதாக ஒன்று சொன்னார்.

"நான் இலக்கியத்துக்கு எதிரி இல்ல டீச்சர். எனக்கு இலக்கியம்னா உயிரு. அதனாலதான் நான் அது பக்கமே போறதில்ல. மேலிடத்துல குழு போட்டுட்டாங்க. அவங்க முடிவு சொல்ற வரைக்கும் புத்தகத்தை எல்லாம் வாங்கி வேதியியல் லேப்ல வச்சுப் பூட்டிடுங்க."

"லேப்லயா சார்?"

"ஆசிட் அலமாரியில. அதுலதான் மண்டை ஓடு படம் ஒட்டியிருக்கு. பசங்க கைவைக்க மாட்டாங்க."

டீச்சர் வகுப்புக்குப் போய்ப் புத்தகங்களை வாங்கினாள். பெரும்பாலானவர்கள் வருத்தமே இல்லாமல் கொடுத்தார்கள். வாசிக்கச் சொன்ன பக்கத்தைத் தாண்டி ஒரு வரி முன்னால் போகிற கெட்ட பழக்கம் அந்த வகுப்பில் யாருக்கும் கிடையாது. கடைசி பெஞ்சில் மட்டும் ஒருத்தி புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

அவளுக்குக் கடைசி பெஞ்சுக்காரி என்றே பெயராகிவிட்டது. எந்த டீச்சர் எந்தக் கேள்வி கேட்டாலும் ஜன்னலைப் பார்ப்பாள். நோட்டு கொண்டுவர மாட்டாள். இந்த ஒரு புத்தகத்தைத்தான் அட்டை போட்டு வைத்திருந்தாள்.

"டீச்சர், இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அப்பாவுக்குப் படிச்சுக் காட்டிக்கிட்டிருக்கேன். டாக்டர் பேப்பரை நீட்டுற இடத்துல நேத்து நிறுத்திட்டேன், அப்பாவுக்கு இருமல் வந்துடுச்சுன்னு."

"நாளைக்குத் தர்றேம்மா."

"இல்ல டீச்சர். எங்க வீட்டுக்கும் ஒரு பேப்பர் வந்திருக்கு. ஆலையிலேர்ந்து. அப்பா இன்னும் கையெழுத்துப் போடல. கதையில அவர் என்ன செய்றாருன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு வச்சிருக்காரு."

டீச்சர் கையிலிருந்த புத்தகக் கட்டை மேஜையில் வைத்தாள். "போட வேணாம்னு சொல்லும்மா" என்றாள்.

"நானும் சொன்னேன். அம்மாவும் சொல்லுச்சு. அப்பா சொல்றாரு, நாம மட்டும் தனியா முறைச்சுக்கிட்டு நின்னா பைத்தியக்காரன் மாதிரி இருக்குமாம். இன்னொருத்தனும் நின்னிருக்கான்னு தெரிஞ்சா போதுமாம்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இதை எழுதினவருக்கு எங்க அப்பாவைத் தெரியுமா டீச்சர்?"

அந்தக் கேள்விக்காகத்தான் ஒருத்தி டீச்சர் வேலைக்கே வருகிறாள். டீச்சர் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள், வாசலில் நின்ற தலைமையாசிரியர் உள்ளே வந்து புத்தகத்தை இரண்டு விரலால் பிடித்து வாங்கிக்கொண்டு போனார். போகும்போது டீச்சரிடம் ஓர் உறுதிமொழித் தாளை நீட்டினார். குழு முடிவெடுக்கும் வரை மேற்படி நூலின் உள்ளடக்கத்தைப் பேச்சாலோ எழுத்தாலோ சைகையாலோ எவருக்கும் தெரிவிக்க மாட்டேன், தெரிவித்தால் பணி நிரந்தரம் ரத்து.

டீச்சர் கையெழுத்துப் போட்டாள். வீட்டில் மாமியாரிடம் சொன்னபோது, "நல்லவேளை போட்டியே" என்றார் மாமியார். "வேலை நிரந்தரமாகட்டும்மா. அப்புறம் நீ யாரை வேணாலும் திட்டு, வார்த்தையை நானே எடுத்துக் கொடுக்கறேன்." மாமியார் நல்ல மனுஷிதான். ஆனால் டீச்சருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

குழுவின் முழுப்பெயர் 'நூல் நல்லொழுக்க மேலாய்வு உயர்நிலைக் குழு'. அது கூடியது ஒரு குளிரூட்டப்பட்ட அறையில். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு மைக், மைக்கில் ஒரு சிவப்புப் பொத்தான். தலைவர், பல துறைகளில் உயர்பதவி வகித்து எதிலும் தடயம் விடாமல் ஓய்வுபெற்றவர். அவருக்கு இடப்பக்கம் மனநல ஆலோசகர் அம்மையார். வலப்பக்கம் ஓய்வுபெற்ற சினிமா தணிக்கைக்காரர். 'சமூகப் பிரதிநிதி' என்ற பலகைக்குப் பின்னால், சிமெண்ட் ஆலையின் மக்கள் தொடர்பு அதிகாரி. டீச்சருக்கு மட்டும் மேஜையின் ஓரத்தில், மற்ற நாற்காலிகளைவிடக் கொஞ்சம் குட்டையான நாற்காலி.

கூட்டம் தொடங்கியதும் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து, மேற்படி நூலைத் தாங்கள் படித்ததில்லை என்று சத்தியம் செய்தார்கள். டீச்சர் பேந்தப் பேந்த விழித்தாள்.

"நடுநிலைம்மா, நடுநிலை" என்றார் தலைவர். "படிச்சவன் பாதிக்கப்பட்டவன். பாதிக்கப்பட்டவன் தீர்ப்பு சொல்லக் கூடாது. இது இந்தக் குழுவோட அடிப்படை விதி. என்னையே எடுத்துக்குங்க. நான் இந்த நூலை மட்டும் இல்ல, எந்த நூலையும் படிச்சதில்ல. அதனாலதான் அரசாங்கம் இந்த மாதிரிக் குழுவுக்கெல்லாம் என்னைத் தலைவரா போடுது."

எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள்.

"நீங்க இந்த நூலை எத்தனை தடவை படிச்சிருக்கீங்க?" என்று ஆலோசகர் அம்மையார் கேட்டார். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்கும் குரல்.

"அஞ்சாறு தடவை இருக்கும் மேடம்."

அம்மையார் தன் நாற்காலியைச் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டார். "தூக்கம் வருதா? திடீர்னு கேள்வி கேக்கணும்னு தோணுதா?"

"நான் டீச்சர் மேடம். கேள்வி கேக்கறதுதான் வேலை."

"பாருங்க, தாக்கம் தெரியுது" என்று அம்மையார் குறித்துக்கொண்டார்.

தலைவர் பொத்தானை அழுத்தினார். "சரி. இப்ப இந்த நூலைப் பத்திக் குழுவுக்கு விளக்கணும். ஆனா உள்ள என்ன இருக்குன்னு சொல்லிடாதீங்க. சொன்னா நாங்களும் பாதிக்கப்பட்டுடுவோம்."

"உள்ள இருக்கறதைச் சொல்லாம எப்படி சார் விளக்குறது?"

"அதை நீங்கதான் கண்டுபிடிக்கணும். இலக்கியம் படிச்சவங்க நீங்க."

டீச்சர் யோசித்தாள். "ஒரு ஆள் இருக்கான் சார்..."

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" தலைவர் காதைப் பொத்திக்கொண்டார். "எத்தனை எழுத்து, எவ்வளவு எடை, அதைச் சொல்லுங்க போதும்."

ஆலை அதிகாரிதான் நிதானமாகப் பேசினார். எண்ணெய் தடவிய கதவு மாதிரி சத்தமே வராத குரல். "ஒரு விஷயம் தெளிவா பதிவாகட்டும். ஆலையைப் பத்தி ஏதோ எழுதியிருக்காம். எங்களுக்கு அதுல ஒரு ஆட்சேபமும் இல்ல. கருத்துச் சுதந்திரத்தை மதிக்கிற நிர்வாகம் எங்களுது. எங்க கவலை எல்லாம் மொழி மேலதான். பிள்ளைங்க காதுல அந்த வார்த்தை விழலாமா? நுரையீரல் கெட்டா மருந்து இருக்கு, மனசு கெட்டா?"

இதற்கும் மேஜையைத் தட்டினார்கள். டீச்சர் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் கலைந்து வாசலில் கார்கள் வந்தபோது ஒரு சின்ன விபத்து. தலைவரின் டிரைவர் வண்டியைப் பின்னால் எடுக்க, சக்கரம் தலைவரின் கால் கட்டைவிரலை லேசாக உரசிவிட்டது. தலைவர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு டிரைவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து வார்த்தையேதான். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. டீச்சர் படியில் நின்று கேட்டாள். குழுவில் யாரும் பாதிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

குழு கூடிக்கொண்டே இருந்தது. கடைசி பெஞ்சுக்காரி தினமும் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், அவர் என்ன சொன்னாருன்னு மட்டும் சொல்லுங்களேன். ஒரே வரி. அப்பா கேட்டுக்கிட்டே இருக்காரு." டீச்சர் சுற்றுமுற்றும் பார்ப்பாள். தலைமையாசிரியரின் அறைக்கதவு எப்போதும் ஒருக்களித்தே இருக்கும். "கொஞ்சம் பொறும்மா. குழு முடிஞ்சா புத்தகமே கைக்கு வந்துடும்" என்பாள். சொல்லிவிட்டு, இவ்வளவு கேவலமான வாக்கியத்தை எந்த நாவலும் தனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லையே என்று நொந்துகொள்வாள்.

குழுவுக்கு ஒரு முட்டுக்கட்டை. வார்த்தையை நீக்க வேண்டுமானால் வார்த்தை எது என்று தெரிய வேண்டும். தெரிய வேண்டுமானால் யாராவது படிக்க வேண்டும். படித்தால் பாதிப்பு. நீண்ட விவாதத்துக்குப் பிறகு தணிக்கைக்காரரைத் தேர்ந்தெடுத்தார்கள். காலமெல்லாம் இருட்டறையில் உட்கார்ந்து, மற்றவர்கள் பார்க்கக் கூடாததை எல்லாம் பார்த்து வெட்டியவர். மரத்துப்போன மனிதர் என்று ஊரில் நல்ல பெயர்.

அவரைப் பக்கத்து அறையில் உட்காரவைத்தார்கள். மற்ற பக்கங்களை எல்லாம் கிளிப் போட்டு இறுக்கி, நூற்றுப் பன்னிரண்டை மட்டும் திறந்து கொடுத்தார்கள். ஆலோசகர் அம்மையார் கண்ணாடிக் கதவு வழியாகக் கண்காணித்தார்.

தணிக்கைக்காரர் பக்கத்தைப் படித்தார். பிறகு, படுத்திருக்கிற இந்த ஆள் யார் என்று தெரிந்துகொள்ள ஒரு கிளிப்பைக் கழற்றினார். அம்மையார் கதவைத் தட்டினார். அவர் நிமிரவில்லை. இன்னொரு கிளிப்பைக் கழற்றினார். கடைசியில் எல்லாக் கிளிப்பையும் கழற்றிப் போட்டுவிட்டு முதல் பக்கத்துக்குப் போனார். மத்தியானச் சாப்பாடு உள்ளே போய் அப்படியே வெளியே வந்தது. அறையை மூடும் நேரத்தில் அவர் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"அந்த ஆளோட பொண்ணு அப்புறம் என்ன ஆனா?" என்று டீச்சரைக் கேட்டார். "ரெண்டாம் பாகம் ஏதாவது இருக்கா?"

"இல்லை சார்."

"வார்த்தை, வார்த்தையைச் சொல்லுங்க!" என்று தலைவர் பரபரத்தார். "எவ்வளவு மோசம்?"

"அந்த வார்த்தையா? அது அங்க இல்லாம இருந்தா நானே எழுதிச் சேர்த்திருப்பேன். நான் இதுவரைக்கும் வெட்டிப் போட்டதை எல்லாம் நினைச்சா எனக்கே..." என்று தொடங்கியவர், முடிக்காமல் தண்ணீர் குடித்தார்.

குழு அவரைப் பாதிக்கப்பட்டவர் என்று ஒருமனதாக அறிவித்து, அவர் நாற்காலியைத் தூக்கி டீச்சர் பக்கத்தில் போட்டது. அவர் குடித்த பாட்டிலை அம்மையார் கைக்குட்டையால் பிடித்து அப்புறப்படுத்தினார். அடுத்த கூட்டத்துக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை.

அந்த அடுத்த கூட்டத்தில்தான் ஆலை அதிகாரி வழி சொன்னார். "வார்த்தை எதுன்னு நமக்குத் தெரியவே வேணாம். அந்த இடத்துல என்ன வரணும்கறதை மட்டும் நாம முடிவு பண்ணுவோம். அச்சகத்துக்காரன் பாத்து மாத்திக்குவான்."

தலைவர் அவரை எழுந்து நின்று கட்டிக்கொண்டார். 'அடடா' என்று வைக்கலாம் என்றார் தலைவர். அது சந்தோஷம் மாதிரி இருக்கிறது என்றார்கள் மற்ற இருவரும். 'ஐயோ' என்றால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்றார் அம்மையார். கடைசியில் 'ஐயகோ' என்று முடிவாயிற்று. உயிரோடு இருக்கும் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை என்பதால் யாருக்கும் பாதிப்பு வர வாய்ப்பில்லை.

"ஒரே ஒரு சின்னப் பொருத்தம் பாக்கணும்" என்றார் ஆலை அதிகாரி, தலையைச் சொறிந்துகொண்டு. "ஐயகோன்னு சொல்றவன் கோபக்காரனா இருக்க முடியாது. சாந்தமானவன். சாந்தமானவன் கையெழுத்துப் போட்டுடுவான். அவன் போட்டுட்டான்னா டாக்டர் சொன்னது நிஜம்னு ஆகுது. அப்ப இவன் சிகரெட் குடிச்சிருக்கான். முதல் அத்தியாயத்துலேயே ஒரு சிகரெட் கொடுத்துடலாம். அப்புறம் மனம் திருந்தி விட்டுடறான். விட்டதும் இருமல் நின்னுடுது. இருமல் நின்னவன் ஏன் சாகப் போறான்? நல்லபடியா ஓய்வு பெறுறான், நிர்வாகம் ஒரு கைக்கடிகாரம் கொடுக்குது. நான் எதையும் மாத்தச் சொல்லல. எல்லாம் அந்த ஒரு வார்த்தையிலேர்ந்து தானா வருது, பாருங்க." படித்ததே இல்லை என்று சத்தியம் செய்த புத்தகத்தில் டாக்டரும் கையெழுத்தும் இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை.

"கதை இப்பத்தான் கதை மாதிரி இருக்கு" என்றார் தலைவர். "இதைப் படிக்கலாம் போல இருக்கே! ஆனா நான் படிக்க மாட்டேன். கொள்கை."

டீச்சர் குட்டை நாற்காலியிலிருந்து எழுந்தாள். "சார், இதை எழுதினவர் செத்துப் போயிட்டார் சார். அவர் எழுதாததை அவர் பேர்ல..."

"ரொம்ப வசதியாப் போச்சு" என்றார் தலைவர். "உயிரோட இருந்தா சம்மதம் வாங்கணும். உக்காருங்கம்மா. உங்க நிரந்தர ஆணை என் மேஜையிலதான் இருக்கு. மாதிரி வகுப்பு நல்லபடியா நடக்கட்டும், அன்னைக்கே கையெழுத்துப் போட்டுக் கையில கொடுத்துடறேன்."

டீச்சர் உட்கார்ந்தாள். மனிதர்கள் உட்காருவதற்கு எத்தனையோ காரணம் உண்டு. வீட்டு வாடகை அதில் ஒன்று.

திருத்திய பதிப்பு பளபளப்பான தாளில் வந்தது. அட்டையில் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. மாதிரி வகுப்புக்கு முதல் நாள் டீச்சர் அதை வகுப்பில் கொடுத்தாள். கடைசி பெஞ்சுக்காரி ஓடிவந்து வாங்கினாள். "வந்துடுச்சா டீச்சர்! இன்னைக்கே அப்பாவுக்குப் படிச்சுக் காட்டிடறேன்" என்று பையில் கூட வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு போனாள். இது வேறு புத்தகம் என்று சொல்ல டீச்சர் வாசல் வரை போனாள். வாசலில் தலைமையாசிரியர் பதாகை கட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் திரும்பி வந்துவிட்டாள்.

மறுநாள் கலையரங்கத்தில் மாதிரி வகுப்பு. பதாகையில் 'பாதுகாப்பான வாசிப்பு' என்று எழுதியிருந்தது. முன்வரிசையில் தலைவர், அம்மையார், ஆலை அதிகாரி. பக்கத்தில் நடவடிக்கைக் குறிப்பு எழுதும் எழுத்தர். பின்னால் பிளைவுட் கடைக்காரரும் பெற்றோர்களும். டீச்சர் கழுத்தில் மைக் மாட்டிவிட்டிருந்தார்கள். வெளியே மைதானத்துக்கும் கேட்க ஒலிபெருக்கி.

தலைவர் பேசினார். "நாங்க நாவலைத் தடை பண்ணிட்டோம்னு சிலர் சொல்றாங்க. தடைங்கிறது காட்டுமிராண்டிங்க செய்யற வேலை. தடை பண்ணினா நாலு பேர் தேடிப் படிப்பாங்க. நாங்க நாவலைக் குளிப்பாட்டி, துடைச்சு, கைகால் நகம் வெட்டி உங்க கையிலயே கொடுத்திருக்கோம். இனி ஒருத்தனும் தேட மாட்டான். இதுதான் நாகரிகம்."

கைதட்டல் ஓய்ந்ததும் அவர் மாணவர்களைப் பார்த்தார். எழுந்து பதில் சொல்ல நாலைந்து பேரைத் தலைமையாசிரியர் தயார் செய்துவைத்திருந்தார். தலைவர், அவர்களை விட்டுவிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தியைக் காட்டினார். "நீ சொல்லும்மா. இந்த நாவல் உனக்கு என்ன சொல்லிக் கொடுத்தது?"

கடைசி பெஞ்சுக்காரி எழுந்தாள். கண் இரவெல்லாம் தூங்காத கண்.

"இது எங்க அப்பா கதைன்னு நினைச்சுக்கிட்டிருந்தோம் சார். இல்லைன்னு சொல்லிக் கொடுத்தது."

"விளக்கமா சொல்லு, பயப்படாதே."

"நேத்து அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். டாக்டர் பேப்பரை நீட்டினதும் அந்த ஆளு ஐயகோன்னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டாரு. அப்பா போதும்னு சொல்லிட்டாரு. யாரோ ஒருத்தன் நம்மள மாதிரி நின்னிருக்கான்னு நினைச்சேன், அப்படி யாரும் இல்லை போலன்னு சொல்லிட்டு, சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. இன்னைக்குச் சாயங்காலம் ஆலை ஆளு வர்றாராம். கையெழுத்துப் போட்டுடறேன்னு அப்பா சொல்லிட்டாரு."

தலைவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பிரமாதம்! கேட்டீங்களா? கதை வேற, வாழ்க்கை வேறன்னு ஒரு பிள்ளைக்குப் புரிஞ்சிருக்கு. ஒரு குடும்பத்துக்கே புரிஞ்சிருக்கு! வீண் வம்பு இல்லாம ஒரு கையெழுத்து நடக்கப் போகுது. இலக்கியத்தோட பயன் வேற என்னங்க? இதுவரைக்கும் எந்த நாவலாவது இப்படி உடனே பலன் கொடுத்திருக்கா?"

ஆலை அதிகாரி முதலில் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். தலைமையாசிரியர் டீச்சரைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்ட, டீச்சரின் கைகளும் தட்டத் தொடங்கின. தலைவர் சட்டைப்பையிலிருந்து நிரந்தர ஆணையை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

கடைசி பெஞ்சுக்காரி கைதட்டும் டீச்சரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பார்வையில் கோபம் கூட இல்லை. தட்டிக்கொண்டிருந்த டீச்சரின் கைகள் நடுவில் அப்படியே நின்றன.

"அந்த ஆளு ஐயகோன்னு சொல்லலம்மா" என்றாள். மைக் நன்றாக வேலை செய்தது. "டாக்டரைப் பார்த்து அவர் சொன்னது இது."

அவள் தலைவர் பக்கம் திரும்பினாள். அவர் முகத்தை நேராகப் பார்த்து, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து வார்த்தையைச் சொன்னாள். அவசரப்படவில்லை, ஓர் எழுத்தையும் விழுங்கவில்லை. பொருத்தமான ஆளைப் பார்த்துச் சொன்னதால் அது நாவலில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தது. ஒலிபெருக்கி அதை மைதானத்துக்கும், மைதானத்தைத் தாண்டித் தெருவுக்கும் கொண்டுபோயிற்று. பிளைவுட் கடைக்காரர் தன் மகளின் காதைப் பொத்தப் போய், பதற்றத்தில் தன் காதையே பொத்திக்கொண்டார்.

"நிஜமாவா டீச்சர்?" என்றாள் கடைசி பெஞ்சுக்காரி.

"நிஜமா. கையெழுத்துப் போடவே இல்லை. அந்தத் தாளைக் கிழிச்சு டாக்டர் பையிலயே போட்டு அனுப்பிடறாரு. எழுதினவருக்கு உங்க அப்பாவைத் தெரியும்மா. நல்லாவே தெரியும். போ."

டீச்சர் மேல் நடவடிக்கை எடுப்பதில் குழுவுக்கு ஒரு சிக்கல் வந்தது. என்ன சொன்னாள் என்று எழுதாமல் குற்றம் சாட்ட முடியாது. எழுதினால் எழுத்தரும், அதைப் படிக்கும் மேலதிகாரிகளும், கோப்பைத் தூக்கும் ஒவ்வொருவரும் பாதிக்கப்படுவார்கள். ஆகவே நிரந்தர ஆணையை மட்டும் தலைவர் மறுபடி சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வேலை அந்த மாதத்தோடு போயிற்று. மாமியார், தான் எடுத்துக் கொடுக்க நினைத்திருந்த வார்த்தையைவிட அது சுமார்தான் என்று அபிப்பிராயப்பட்டார்.

அன்றைய நடவடிக்கைக் குறிப்பு இப்போதும் கோப்பில் இருக்கிறது. மாதிரி வகுப்பு முழு வெற்றி என்று அதில் எழுதியிருக்கிறது. நிறைவாக ஆசிரியை தலைவரை நோக்கி 'ஐயகோ' என்று கூறினார். மாணவி ஒருவர் வகுப்பு முடியுமுன் பையைக் கூட எடுக்காமல் வீட்டுக்கு ஓடினார். காரணம் தெரியவில்லை.